அப்பா அம்மாவோட அலாஸ்கா குரூஸ்: கப்பலைப் பாக்காதீங்க, ரூட்டைப் பாருங்க

"அடுத்த ஜூன்ல ஊர்லேர்ந்து அப்பா (73), அம்மா (68) வர்றாங்க, சியாட்டில்லேர்ந்து கிளம்புற 7 நைட் அலாஸ்கா குரூஸ் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கோம், ரெண்டு பேரும் சைவம், அம்மாவுக்கு கார்ல போனாலே தலை சுத்தும், எந்தக் கப்பல் நல்லது, பால்கனி வேணுமா, சாப்பாட்டுக்கு என்ன பண்றது, எக்ஸ்கர்ஷன் (நிக்கற ஊர்ல இறங்கிப் போற டூர்) எதெல்லாம் எடுக்கலாம்"னு கேட்டிருந்தீங்க. நாங்க சியாட்டில் பக்கத்துலயே 14 வருஷமா இருக்கோம், அலாஸ்கா மட்டும் நாலு தடவை போயாச்சு, அதுல ஒரு தடவை எங்க அப்பா அம்மாவோட, ஒரு தடவை மாமனார் மாமியாரோட, அதனால இதைப் பத்தி யாராவது வாயைத் திறந்தாலே நான் பேச ஆரம்பிச்சுடுவேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

கப்பலைப் பத்தி நீங்க கேட்டதுக்கு அப்புறம் வர்றேன், மொதல்ல விசா. அப்பா அம்மாகிட்ட அமெரிக்க விசிட்டர் விசா இருக்கும், அது போதும்னு நினைச்சிருப்பீங்க, போதாது. சியாட்டில்லேர்ந்து கிளம்பி சியாட்டிலுக்கே திரும்பி வர்ற கப்பல் எல்லாமே கனடாவுல ஒரு இடத்துல, பெரும்பாலும் விக்டோரியாவுல, நின்னுட்டுத்தான் வரும். காரணம் 1886-ல போட்ட ஒரு அமெரிக்க சட்டம், வெளிநாட்டுக் கொடி போட்ட கப்பல் அமெரிக்கத் துறைமுகத்துல ஆளை ஏத்தி, வெளிநாட்டுல எங்கயும் தொடாம சுத்திட்டு வந்து அமெரிக்காவுலயே இறக்கக்கூடாது. இந்தப் பெரிய கப்பல் எல்லாம் பஹாமாஸ், பெர்முடா, நெதர்லாந்துன்னு வெளியில பதிவு பண்ணது, அதனால கடைசி நாள் சாயங்காலம் விக்டோரியாவுல சும்மா நாலஞ்சு மணி நேரம் நிக்கும். "நாங்க கப்பலை விட்டே இறங்க மாட்டோம், அப்பவும் கனடா விசா வேணுமா"ன்னு எல்லாரும் கேப்பாங்க, வேணும், இந்திய பாஸ்போர்ட்டுன்னா கண்டிப்பா வேணும், ஏறும்போதே செக் பண்ணுவாங்க. போன தடவை எங்களுக்கு முன்னாடி வரிசையில நின்ன ஒரு தெலுங்குக் குடும்பம், வயசான ஒரு அம்மாவுக்கு மட்டும் விசா இல்ல, கவுண்டர்ல அரை மணி நேரம் பேசிப் பாத்தாங்க, நடக்கல. மகன் மட்டும் அம்மாவோட வீட்டுக்குத் திரும்பிட்டார், மருமகளும் குழந்தைங்களும் ஏறினாங்க, அந்தக் குழந்தைங்க முகம் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு.

நீங்க கிரீன் கார்டுன்னா பாஸ்போர்ட்டும் கார்டும் கையில இருந்தா போதும், கனடா விசா வேணாம். எச்1பி, எச்4, எல்1 மாதிரி வேலை, குடும்ப விசான்னா உங்களுக்கும் வேணும், அதோட திரும்பி அமெரிக்காவுக்குள்ள வரணும்ல, பாஸ்போர்ட்ல இருக்கற ஸ்டாம்பிங் தேதி முடிஞ்சிருந்தா லாயர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் டிக்கெட் போடுங்க. கனடா விசாவுக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ணி, கைரேகை குடுத்து, பாஸ்போர்ட் அனுப்பின்னு இழுக்கும், அப்பா அம்மா ஊர்ல இருக்கும்போதே முடிச்சுடுங்க, இங்க வந்தப்புறம் ஓடாதீங்க.

சரி, எந்தக் கப்பல்? என்னைக் கேட்டா அந்தக் கேள்வியே வேணாம். கப்பல்ல கோ-கார்ட் ஓடுது, வாட்டர் ஸ்லைடு இருக்கு, 16 மாடி, புதுக் கப்பல்னு விளம்பரம் வரும், உங்க அப்பா 73 வயசுல கோ-கார்ட்டா ஓட்டப் போறார்? அலாஸ்காவுல காசு குடுக்கறது கப்பலுக்கு வெளியில இருக்கறதைப் பாக்க. அதனால ஐட்டினரரியை (எந்த நாள் எங்க போகுதுங்கற பயணத் திட்டத்தை) எடுத்து வெச்சுக்கிட்டு ரெண்டே விஷயம் பாருங்க, எந்த கிளேசியர் (பனியாறு) பக்கம் போகுது, ஒவ்வொரு ஊர்லயும் எத்தனை மணிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும் நிக்குது. கிளேசியர் பே நேஷனல் பார்க்குக்குள்ள ஒரு நாளைக்கு ரெண்டு பெரிய குரூஸ் கப்பல்தான் விடுவாங்க, அதுக்கான பெர்மிட் பெரும்பாலும் ஹாலண்ட் அமெரிக்கா, பிரின்சஸ், நார்வீஜியன்ங்கற கப்பல் கம்பெனிங்ககிட்ட இருக்கு, ராயல் கரீபியன், செலிப்ரிட்டி எல்லாம் பொதுவா எண்டிகாட் ஆர்ம்ங்கற மலைக்கு நடுவுல இருக்கற குறுகலான கடல் பாதை இல்லன்னா ஹப்பர்ட் கிளேசியர் போகும். ஹப்பர்டும் பிரமாதமான கிளேசியர்தான், நான் குறை சொல்ல மாட்டேன். எண்டிகாட் ஆர்ம்ல ஐஸ் மிதக்கறதைப் பொறுத்து கப்பல் பாதியில திரும்பிடறதும் உண்டு, எங்களுக்கு ஒரு தடவை அப்படி ஆச்சு, கேப்டன் மைக்ல சாரி சொல்லிட்டு வண்டியைத் திருப்பிட்டார். முதல் தடவை, அதுவும் பெரியவங்களோடன்னா கிளேசியர் பே இருக்கற ரூட்டா பாத்து எடுங்க, அதுக்காக பழைய கப்பலா இருந்தாலும் பரவால்ல, நானா இருந்தா அதைத்தான் எடுப்பேன்.

இன்னொண்ணு, சியாட்டில்லேர்ந்து போற கப்பல் நிறைய, வான்கூவர் ஐலண்டுக்கு மேற்கே, திறந்த பசிபிக் கடல்ல போகும். கனடாவுல இருக்கற வான்கூவர் ஊர்லேர்ந்து கிளம்புறது பெரும்பாலும் தீவுக்கும் கரைக்கும் நடுவுல இருக்கற வாய்க்கால் மாதிரியான பாதையில போகும், தண்ணி குளம் மாதிரி இருக்கும். அம்மாவுக்குத் தலை சுத்தும்னு சொன்னீங்கல்ல, எப்படியும் கனடா விசா எடுக்கப் போறீங்க, அப்ப வான்கூவர்லேர்ந்து கிளம்பறதையும் ஒரு தடவை பாத்துடுங்க, உங்க ஊர்லேர்ந்து ஃப்ளைட் எதுக்கு வசதின்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. சியாட்டில்தான் சௌகரியம்னா அதுலயே போங்க, ஜூன்ல கடல் ரொம்ப மோசமா இருக்காது, ஆனா முதல் ராத்திரியும் அடுத்த நாளும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும்னு எதிர்பாத்தே போங்க.

கேபின் எடுக்கும்போது நடுவுல, கீழ் டெக்ல எடுங்க. டவுன் பஸ்ல கடைசி சீட்டுல உக்காந்தா ஸ்பீடு பிரேக்கர்ல தூக்கிப்போடும், நடு சீட்டுல அவ்வளவு தெரியாதுல்ல, கப்பலும் அதே கணக்குதான், முன்னாடியும் பின்னாடியும் ஏறி இறங்கும், மேல போகப் போக பக்கவாட்டுல ஆடும். டிக்கெட் புக் பண்ற எடத்துல "கேரண்டி கேபின்"னு கம்மி விலையில ஒண்ணு இருக்கும், அதுல அவங்க எந்த ரூம் குடுக்கறாங்களோ அதுதான், பெரியவங்களுக்கு அந்த ரிஸ்க் வேணாம். டெக் பிளானைத் திறந்து உங்க ரூமுக்கு நேர் மேல என்ன, நேர் கீழ என்னன்னு பாருங்க, மேலயும் கீழயும் ரூமா இருந்தா நிம்மதி. எங்க அப்பா அம்மாவுக்கு ஒரு தடவை பஃபே ஹாலுக்கு நேர் கீழ ரூம் கிடைச்சுது, விடியக்காலை நாலரை மணிக்கு மேல நாற்காலி இழுக்கற சத்தம், அப்பா "யாரு மொட்டைமாடியில உரல் உருட்டறாங்க"ன்னு கேட்டுட்டே இருந்தார்.

பால்கனி விஷயத்துல ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. நாங்க ரெண்டு பேர் மட்டும் போனப்ப ஜன்னலே இல்லாத உள் ரூம்ல போனோம், தூங்கறதுக்கு மட்டும்தானே, மீதி நேரம் டெக்ல, காசு மிச்சம். ஆனா பெரியவங்களோட போனா, கைல காசு இருந்தா, அவங்களுக்கு மட்டுமாவது பால்கனி எடுங்கன்னு சொல்வேன். மாமியாருக்கு முட்டி வலி, ஒவ்வொரு தடவையும் லிஃப்ட் ஏறி மேல போக முடியாது, அவங்க ஸ்வெட்டர், மங்கி குல்லா, மேல ரூம் கம்பளியையும் போத்திக்கிட்டு பால்கனி நாற்காலியில காலைல அஞ்சரைக்கு உக்காந்தாங்கன்னா எட்டு மணி வரைக்கும் எழுந்திரிக்க மாட்டாங்க, கையில பஃபேலேர்ந்து நான் கொண்டு வந்த டீ. ஏழு நாள்ல அவங்களுக்குப் பிடிச்சது எதுன்னு கேட்டா இன்னைக்கும் அந்த நாற்காலியைத்தான் சொல்வாங்க. எந்தப் பக்க ரூம்னு யோசிச்சு மண்டையை உடைச்சுக்க வேணாம், கிளேசியர் முன்னாடி கப்பலைத் திருப்பித் திருப்பிக் காட்டுவாங்க, ரெண்டு பக்கமும் தெரியும்.

தலைசுத்தலுக்கு மெக்லிசின் மாத்திரை இங்க பார்மசியில சீட்டு இல்லாமயே கிடைக்கும், சுத்த ஆரம்பிச்சப்புறம் போட்டு பிரயோஜனம் கம்மி, கப்பல் கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போடணும், தூக்கம் வரும். ஆனா அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கண்ணுல கிளாகோமா, ப்ராஸ்டேட் தொந்தரவு இந்த மாதிரி இருந்தா டாக்டரைக் கேக்காம குடுக்காதீங்க. மாமியார் மாத்திரையே வேணாம்னுட்டு இஞ்சி மிட்டாயும் எலுமிச்சம்பழமும் வெச்சுக்கிட்டாங்க, முதல் ராத்திரி கொஞ்சம் படுத்தினாங்க, மறுநாள் மதியம் எழுந்து ஐஸ்கிரீம் கேட்டாங்க. சுத்தும்போது ரூமுக்குள்ள படுத்துக்கிட்டு போன் பாக்கறதுதான் இருக்கறதுலயே தப்பான வேலை, நடு டெக்குக்குக் கூட்டிட்டு வந்து காத்து வாங்க விட்டு தூரத்துல தெரியற கடல் கோட்டைப் பாக்கச் சொல்லுங்க, வயித்தைக் காலியா விடாதீங்க, ரொட்டி, பச்சை ஆப்பிள் ஏதாவது உள்ள போகட்டும்.

இப்ப சாப்பாடு, உங்களை விட உங்க அம்மாவுக்கு இதுதான் பெரிய கவலையா இருக்கும். பயப்பட வேணாம், பட்டினி கிடக்க வாய்ப்பே இல்ல. புக் பண்ணும்போதே ஸ்பெஷல் டயட்னு ஒரு இடம் இருக்கும், அதுல போட்டுடுங்க, முதல் நாள் ராத்திரி டைனிங் ரூம்ல உக்காந்ததும் ஹெட் வெயிட்டரைக் கூப்பிட்டு நேர்லயும் சொல்லிடுங்க. வெறும் "வெஜிடேரியன்"னு சொன்னா முட்டை வரும், சில பேர் கணக்குல மீனும் வெஜ், அதனால "இந்தியன் வெஜிடேரியன், முட்டை மீன் கிடையாது, சூப்ல சிக்கன் ஸ்டாக்கும் கூடாது"ன்னு முழுசா சொல்லுங்க. கிச்சன்லயும் டைனிங்லயும் நம்ம நாட்டுக்காரங்க நிறைய பேர் இருப்பாங்க, கோவா, மும்பை, கேரளான்னு. முந்தின நாளே சொல்லி வெச்சா பருப்பு, சப்ஜி, சப்பாத்தி, சாதம்னு தனியா பண்ணிக் குடுப்பாங்க, இதுக்கு எங்ககிட்ட எக்ஸ்ட்ரா காசு வாங்கினதில்ல. எங்க மாமியார் மூணாவது நாள் தைரியம் வந்து ரசம் கேட்டுட்டாங்க, கோவாக்கார வெயிட்டர் தம்பி குறிச்சுக்கிட்டு போச்சு, மறுநாள் தக்காளி சூப்ல மிளகு சீரகம் தட்டிப்போட்டு, மேல கொத்தமல்லி கிள்ளிப்போட்டு ஒண்ணு வந்துது, ரசத்துக்குத் தூரத்துச் சொந்தம்னு சொல்லலாம், ஆனா அந்தத் தம்பி பக்கத்துலயே நின்னு முகத்தைப் பாத்துட்டு இருந்துச்சு, மாமியார் ரெண்டு கப் குடிச்சாங்க.

தயிர் சாதம் இல்லாம இருக்க முடியாதுன்னா அதுக்கும் வழி இருக்கு. காலைல பஃபேல பிளெயின் யோகர்ட் வைப்பாங்க, பிளெயின் தானான்னு பாத்து எடுங்க, வெனிலா யோகர்ட்ல சாதம் பிசைஞ்ச அனுபவம் எங்களுக்கு உண்டு. ரெண்டு கப் ரூம் ஃப்ரிட்ஜ்ல போட்டுடுங்க, மதியம் பஃபேல சாதம் இருக்கும், உப்பு அங்கயே இருக்கு, ஊறுகாய் மட்டும் உங்க பைல. சீல் பிரிக்காத ஊறுகாய் பாக்கெட், பருப்புப் பொடி, மிக்சர் எல்லாம் கொண்டு போகலாம், எங்க கிட்ட ஒரு தடவையும் எடுக்கச் சொல்லல. வீட்டுல பண்ண புளியோதரை, எண்ணெய் விட்டுப் பிசைஞ்ச சமாச்சாரம் இதெல்லாம் வேணாம். ரைஸ் குக்கர், எலக்ட்ரிக் கெட்டில், அயர்ன் பாக்ஸ் எதுவும் கொண்டு போகாதீங்க, ஸ்கேன்ல எடுத்து வெச்சுக்கிட்டு கடைசி நாள்தான் தருவாங்க, சர்ஜ் ப்ரொடெக்டர் வெச்ச எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அதே கதி. ஊர்ல இறங்கும்போது கப்பல்லேர்ந்து பழம் எடுத்துட்டு இறங்கக்கூடாது, அம்மாக்கள் பையில வாழைப்பழம் இருக்கான்னு பாத்துடுங்க, கண்டிப்பா இருக்கும். சாப்பிடறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு கை கழுவணும், வாசல்ல வெச்சிருக்கற சானிட்டைசர் போதாது, கப்பல்ல பரவற வயித்துப்போக்கு வைரஸ் அதுக்கெல்லாம் அசையாது.

டிக்கெட் விலை கடைசி விலை இல்ல. டிப்ஸ்னு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் 16-லேர்ந்து 20 டாலர் வரைக்கும் தானா கணக்குல ஏறும், நாலு பேர் 7 நாள்னா 500 டாலர் பக்கம் வரும், அதை இப்பவே பட்ஜெட்ல போட்டுடுங்க. டிரிங்க்ஸ் பேக்கேஜ் உங்க அப்பா அம்மாவுக்கு எதுக்கு, தண்ணி, டீ, காபி பஃபேல சும்மா கிடைக்கும், தண்ணி பாட்டிலை ரொப்பிக்கலாம். போட்டோக்காரங்க படிக்கட்டுல ஒரு தடவை, டின்னர்ல ஒரு தடவை எடுத்துட்டே இருப்பாங்க, எடுக்கறது ஃப்ரீ, வாங்கினாதான் காசு, சிரிச்சுட்டு நகந்துடுங்க. போனை கப்பல்ல ஏறினதும் ஏர்பிளேன் மோட்ல போடுங்க, அப்பா அம்மா போனையும் நீங்களே வாங்கிப் போடுங்க, நடுக்கடல்ல கப்பலோட டவர்ல போன் தானா ஒட்டிக்கிச்சுன்னா பில்லு வேற லெவல்ல வரும். ஜூனோ, ஸ்காக்வே, கெச்சிகன்னு கப்பல் நிக்கற அலாஸ்கா ஊருங்கள்ல இறங்கினா உங்க வழக்கமான சிக்னலே கிடைக்கும், ஊருக்கு வீடியோ கால் எல்லாம் அங்க வெச்சுக்கோங்க.

இன்ஷூரன்ஸ் மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. கப்பல்ல டாக்டர் இருப்பார், ஆனா பில் தனி, பெரிசா ஏதாவதுன்னா ஹெலிகாப்டர்லயோ ஃப்ளைட்லயோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், அதுக்கு கவர் இருக்கற பாலிசியா பாத்து எடுங்க, ஊர்லேர்ந்து வந்தப்ப எடுத்த விசிட்டர் இன்ஷூரன்ஸ்ல கப்பலும் சேருதான்னு படிச்சுப் பாருங்க. ஏறுற அன்னைக்கு பெரிய பெட்டியை கீழயே வாங்கிப்பாங்க, ரூமுக்கு வர சாயங்காலம் ஆயிடும், அதனால சுகர், பிரஷர் மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு ஸ்வெட்டர் இதெல்லாம் கைப்பையில. சியாட்டில்ல ரெண்டு டெர்மினல் இருக்கு, பியர் 66, பியர் 91, ரெண்டுக்கும் நடுவுல வண்டி பிடிச்சுதான் போகணும், உங்க கப்பல் எதுலன்னு பாத்துட்டு ஊபர்காரர்கிட்ட நம்பர் சொல்லுங்க.

துணிமணி: ஜூன்ல பகல்ல 15, 16 டிகிரி இருக்கும், கிளேசியர் பக்கம் காத்துல அதை விட ரொம்பக் குளிரும். ஒரே ஒரு தடி ஜாக்கெட் வாங்கறதை விட மெல்லிசா மூணு, மேல தண்ணி ஒட்டாத ரெயின் ஜாக்கெட், அது போதும். அம்மா புடவையிலதான் இருப்பாங்கன்னா உள்ள தெர்மல் பேண்ட், கால்ல சாக்ஸோட ஷூ, செருப்பு வேணாம், டெக் எப்பவும் ஈரம். கெச்சிகன்ல வருஷத்துக்கு 140 இன்ச்சுக்கு மேல மழை, நம்ம சென்னையை விட ரெண்டரை மடங்கு, அங்க வெயில் அடிச்சா உள்ளூர்க்காரங்களே போட்டோ எடுப்பாங்க. குடை காத்துல நிக்காது.

ஊர் ஊரா சொல்றேன். கெச்சிகன்ல ஒண்ணும் புக் பண்ண வேணாம், மெதுவா க்ரீக் ஸ்ட்ரீட் வரைக்கும் நடந்து போய்ட்டு வாங்க, ஓடை மேல மரக்கால் நட்டு கட்டின கடைங்க, ஜூலை கடைசிக்கு மேல போனா சால்மன் மீன் ஓடையில எதிர்த்து ஏறுறதைப் பாக்கலாம், உங்களுக்கு ஜூன்ல அது கொஞ்சம் சீக்கிரம். சில கப்பல் ஊருக்குள்ள நிக்காம ஏழு மைல் தள்ளி வார்ட் கோவ்ல நிக்கும், அங்கேர்ந்து பஸ் விடுவாங்க, அந்த நேரத்தையும் சேத்துக் கணக்கு போடுங்க.

ஜூனோதான் அலாஸ்காவோட தலைநகரம், ஆனா வெளியூர்லேர்ந்து ரோடே கிடையாது, கப்பல்லயோ ஃப்ளைட்லயோதான் வரணும், இதைச் சொன்னதும் எங்க அப்பா "அப்ப கலெக்டர் எப்படி வருவார்"ன்னு கேட்டார். மெண்டன்ஹால் கிளேசியர் ஊர்லேர்ந்து 12, 13 மைல், பஸ் போகும், அங்க நக்கெட் ஃபால்ஸ் வரைக்கும் போய் வர ரெண்டு மைல் நடை, சமமான பாதை, அப்பா அம்மா நடப்பாங்கன்னா அருவி பக்கத்துலயே போய் நிக்கலாம். ஒரே ஒரு எக்ஸ்கர்ஷனுக்குத்தான் காசுன்னா நான் இங்க திமிங்கலம் பாக்கற படகுக்குத்தான் குடுப்பேன். ஹவாய் பக்கம் குட்டி போட்டுட்டு ஹம்ப்பேக் திமிங்கலங்க கோடைக்கு இங்கதான் சாப்பிட வரும். படகுல எல்லாரும் தண்ணியையே முறைச்சுட்டு இருப்பாங்க, நீங்க வானத்தைப் பாருங்க, கடல் காக்கா கூட்டம் ஒரே இடத்துல வட்டம் போட ஆரம்பிச்சா கீழ மீன் கூட்டம் இருக்குன்னு அர்த்தம், திமிங்கலம் அங்கதான் வாயைப் பொளந்துட்டு வரும். எங்களுக்கு ஒண்ணு படகுலேர்ந்து கொஞ்ச தூரத்துலயே மூச்சு விட்டுது, அந்த சத்தம் லாரி ஏர் பிரேக் விட்ட மாதிரி, கூடவே கருவாட்டு நாத்தம், மாமியார் சேலைத் தலைப்பை எடுத்து மூக்கை மூடிக்கிட்டே "எவ்ளோ அழகு"ங்கறாங்க. ஹெலிகாப்டர்ல கிளேசியர் மேல இறங்கறது பிரமாதமா இருக்கும்பாங்க, விலையும் பிரமாதமா இருக்கும், மேகம் இறங்கினா கேன்சல் வேற.

ஸ்காக்வேயில ஒயிட் பாஸ் ரயில் கண்டிப்பா எடுங்க, பெரியவங்களுக்குன்னே பண்ண மாதிரி, உக்காந்த இடத்துலயே எல்லாம் தெரியும். 1897-ல, கனடாவுல இருக்கற கிளாண்டைக்ல தங்கம் கிடைச்ச சேதி கேட்டு ஜனம் இந்த ஊர்ல வந்து இறங்கி மலையேறிப் போச்சு, ஒரு வருஷச் சாப்பாட்டுச் சாமான் கையில இருந்தாதான் கனடா போலீஸ் உள்ள விடுவாங்க, ஒரு டன் மூட்டையை முதுகுல சுமந்து சுமந்து பல நடை ஏத்தினாங்க, அந்தப் பாதையில செத்த குதிரை மட்டும் 3,000 பக்கம்னு சொல்வாங்க. ரயில் 1900-ல முடிஞ்சுது, அதுக்குள்ள தங்க ஜுரமே அடங்கிடுச்சு. 20 மைல்ல கிட்டத்தட்ட 2,900 அடி ஏறும், ஊட்டி ரயில்ல போயிருக்கற அப்பாக்கள் "இதுல பல்சக்கரம் இல்லையே"ன்னு உடனே கண்டுபிடிப்பாங்க. ஏறும்போது இடது பக்கம்தான் பள்ளத்தாக்கு, வரிசையில கொஞ்சம் முன்னாடியே நின்னு இடது பக்கம் பிடிங்க, கிடைக்கலைன்னாலும் பரவால்ல, உச்சிக்குப் போனதும் ரெண்டு பக்கத்து ஆளுங்களும் இடம் மாத்திக்கச் சொல்வாங்க. பெட்டியில டாய்லெட் இருக்கு, இதை அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, இல்லன்னா காலைலேர்ந்து தண்ணியே குடிக்க மாட்டாங்க.

எந்த ஊர்லயும் கப்பல் நேரத்தையும் போன் நேரத்தையும் ஒத்துப் பாத்துட்டு இறங்குங்க, அலாஸ்கா நேரம் சியாட்டிலை விட ஒரு மணி நேரம் பின்னாடி, ஏர்பிளேன் மோட்ல இருக்கற போன் பழைய நேரத்தையே காட்டிட்டு இருக்கும். எல்லாரும் ஏறியாகணும்னு போட்டிருக்கற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வந்துடுங்க, கப்பல் கம்பெனி வழியா எடுத்த டூர் லேட்டானா காத்திருப்பாங்க, நீங்களா வெளியில பிடிச்ச டூர் லேட்டானா அடுத்த ஊருக்கு உங்க செலவுலதான் போய்ச் சேரணும்.

கிளேசியர் பே அன்னைக்கு எங்கயும் இறங்கறது கிடையாது, அதனால சில பேர் லேட்டா எழுந்து டிபன் சாப்பிட்டு வருவாங்க, அந்தத் தப்பைப் பண்ணாதீங்க. காலைல பார்க் ரேஞ்சருங்க சின்னப் படகுல வந்து, ஓடிட்டு இருக்கற கப்பல் பக்கத்துல ஒட்டி, கயித்து ஏணியில ஏறி வருவாங்க, அப்புறம் நாள் முழுக்க மைக்ல விளக்கம். 1794-ல வான்கூவர்ங்கற கேப்டனோட ஆளுங்க இந்தப் பக்கம் வந்தப்ப இந்த வளைகுடாவே கிடையாது, வாசல் வரைக்கும் ஒரே ஐஸ் சுவர், அதுக்கப்புறம் ஐஸ் பின்வாங்கிப் பின்வாங்கி 65 மைல் உள்ள போயிடுச்சு, நீங்க கப்பல்ல போற தண்ணி எல்லாம் அன்னைக்கு ஐஸா இருந்த இடம். சில மணி நேரம் உள்ள போனா மார்ஜரி கிளேசியர், ஒரு மைல் அகலம், தண்ணிக்கு மேலயே 250 அடி, 25 மாடிக் கட்டடம் வரிசையா நிக்கற மாதிரி, நீலம்னா அப்படி ஒரு நீலம், துணிக்குப் போடற சொட்டு நீலத்தை ஐஸ்ல கலந்த மாதிரி. கப்பலை நிறுத்தி மோட்டார் சத்தத்தைக் குறைச்சுடுவாங்க, ஆயிரக்கணக்குல ஜனம் டெக்ல நிக்கும், ஒரு பேச்சு இருக்காது. டப்பு டப்புன்னு உள்ளேர்ந்து வெடிக்கற சத்தம் மட்டும் வரும், பல தடவை ஒண்ணும் விழாது. அப்புறம் திடீர்னு ஒரு மூலையில பொடிப்பொடியா உதிரும், அது ஒரு சேதி மாதிரி, உடனே கேமராவை அங்க திருப்புங்க, அடுத்தது ஒரு சுவரே சத்தமில்லாம சாயும். ஆமா, சத்தமில்லாமதான், சத்தம் தூரத்தைத் தாண்டி நம்மகிட்ட வர ஒரு ரெண்டு செகண்ட் ஆகும், விழுந்து தண்ணி மேல எழும்பினப்புறம்தான் இடி இடிக்கும். இங்கேயே காலங்காலமா இருக்கற ட்லிங்கிட் ஜனங்க இதுக்கு வெள்ளை இடின்னு பேர் வெச்சிருக்காங்க. எங்க மாமனார் பேங்க் ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆனவர், எதுக்கும் அசர மாட்டார், அன்னைக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா "போடா, இன்னொண்ணு விழப்போகுது"ன்னு என் வீட்டுக்காரரைத் திட்டிட்டு மூணு மணி வரைக்கும் கம்பியைப் பிடிச்சுட்டு நின்னார். அவர் கையில சூடா சூப் கொண்டு போய்க் குடுத்தேன், கப்பல் ஆளுங்களே டெக்ல சுத்தி வந்து பட்டாணி சூப் குடுத்தாங்க, அதுல ஹேம் (பன்னிக்கறி) போட்டிருப்பாங்க, கேக்காம வாங்கிடாதீங்க.

கடைசி ராத்திரி பெரிய பெட்டியை ரூம் வாசல்ல வெச்சுடணும், மறுநாள் கீழ போய் எடுத்துக்கலாம், முடியலைன்னா நாமளே தூக்கிட்டும் இறங்கலாம். வாசல்ல வைக்கறதுன்னா காலைல போட்டுக்க ஒரு செட் துணி தனியா எடுத்து வைங்க. மாமனார் பேங்க் ஒழுங்குல எல்லாத்தையும் அழகா மடிச்சு, பேண்ட் எல்லாத்தையும் உள்ள வெச்சு, பூட்டு போட்டு, பத்து மணிக்கு வாசல்ல வெச்சுட்டு வேட்டியோட தூங்கிட்டார். காலைல பெட்டி சியாட்டில் கரையில, அவர் ஏழாவது டெக்ல. நாலு முழ வேட்டி, அதுக்கு மேல ஆரஞ்சு கலர் ரெயின் ஜாக்கெட், கால்ல ஸ்போர்ட்ஸ் ஷூ, அப்படியே இமிக்ரேஷன் வரிசையில நின்னார், ஆபீசர் அம்மா அவரை ஒரு தடவை மேலேர்ந்து கீழ பாத்துட்டு "ஐ லைக் யுவர் ஸ்கர்ட் சார்"னு சொல்லி விட்டாங்க. அவர் தேங்க் யூ சொல்லிட்டு வந்து எங்ககிட்ட "என்ன சொன்னாங்க அவங்க"ன்னார்.

இறங்கற அன்னைக்கே ஊருக்கு ஃப்ளைட்னா மதியம் ஒரு மணிக்கு மேல இருக்கறதா போடுங்க, டாக்சி வரிசையிலயே முக்கால் மணி நேரம் போகும், வீல்சேர் கேட்டிருந்தா கடைசியா இறக்குவாங்கன்னு நினைக்காதீங்க, முன்னாடி நாளே சொல்லி வெச்சா முதல்லயே இறக்கி விடுவாங்க. வரும்போதும் கப்பல் கிளம்பற அன்னைக்குக் காலைல ஃப்ளைட் பிடிச்சு வராதீங்க, முந்தின நாளே வந்து தங்கிடுங்க. அம்மாவுக்கு எந்த மாத்திரை எல்லாம் ஓடிட்டு இருக்குன்னு எழுதுங்க, மெக்லிசின் விஷயமா டாக்டர்கிட்ட என்னென்ன கேக்கணும்னு சொல்றேன்.